கல்லின் வயிற்றைக் காணும் கண்

ஆயிரம் கல்லிலே ஒரு கல் கோடி பெறும். மற்றவை குப்பைமேட்டுக்குப் போகும். எது கோடி, எது குப்பை? இதைப் பிரித்தறிய உழைப்பாளி பட்ட பாடு கொஞ்சமா, தோழர்களே!

இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள கிம்பர்லியை எண்ணிப் பாருங்கள். 1880-களிலே, வைரம் தோண்டிய கறுப்பினத் தொழிலாளியை வேலியிட்ட கொட்டடியிலே அடைத்தனர். ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் வேளையிலாவது விட்டனரா? ஆடையை உருவினர், நாள்கணக்கில் பூட்டி வைத்தனர், பேதி மருந்தும் புகட்டினர். வைரத்தை விழுங்கியிருப்பானோ என்ற ஐயம்! கல்லின் வயிற்றைக் காண வழியில்லை. தொழிலாளியின் வயிற்றைக் கிளறினர்.

இன்று கல்லின் வயிற்றையே காணும் கண் வந்துவிட்டது. போட்சுவானா நாட்டுக் கரோவே சுரங்கத்திலே 2015-இல் இயங்கத் தொடங்கிய எக்ஸ்-கதிர்ப் பொறியைச் சொல்கிறோம். மருத்துவமனையிலே நம் மார்பைப் படம் பிடிக்கிறார்களே, அதே கதிர்தான். ஓடும் பெல்ட்டிலே கற்கள் விரைந்து வரும், கதிர் பாயும். வைரம் என்பது என்ன? கரி! அடுப்புக்கரிக்கு உடன்பிறப்பு! கரியணு இலேசானது, கதிரைப் பெரும்பாலும் போக விட்டுவிடும். இரும்பும் சிலிக்கனும் கலந்த பாறையோ மறித்து நிற்கும். அந்த வேற்றுமையைக் கணிப்பொறி கண்டுகொண்டதும், காற்று பீறிட்டு அடித்து வைரத்தைத் தனியே தள்ளும்.

முன்பும் பொறி உண்டு. எக்ஸ்-கதிர் பட்டதும் மின்னும் கல்லைத் தேடும் பொறி. ஆனால் உயர்ரக வைரங்கள் சில மங்கலாகவே மின்னும், பொறிக்குத் தப்பிவிடும். அதற்கு முன்பே அரைவையிலே சிக்கி நொறுங்கியவை எத்தனையோ! ஆகவே 2017-இல், அரைவைக்கு அனுப்புமுன்பே தேடும் பொறி ஒன்றும் கரோவேயிலே வைக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் அதன் கண்ணிலே பட்டது 2,492 காரட் வைரம். 1905-இல் கிடைத்த 3,106 காரட் கல்லினனுக்குப் பிறகு இத்தகைய பெருங்கல் வெளிவந்ததில்லை.

பொறியைப் பழிக்கவில்லை நாம். ஆளைச் சோதிப்பதை விடுத்துக் கல்லைச் சோதிக்கும் பொறி, வரட்டும்! கண்டெடுத்த செல்வம் எங்கே போகிறது என்பதே நம் கேள்வி.

2015 நவம்பரில் கரோவேயிலே 1,109 காரட் வைரம் ஒன்று கிடைத்தது. போட்சுவானாக் குடிமக்களிடையே போட்டி வைத்துப் பெயர் சூட்டினர்: 'லெசெடி லா ரோனா'. அந்நாட்டு மொழியிலே 'நம் ஒளி' என்று பொருள். சுரங்கமோ கனடா நாட்டுக் கம்பெனியினுடையது. அரசுக்கு உரிமத்தொகையும் வரியும் உண்டு, மறைக்கவில்லை. 2017-இல் அந்த 'நம் ஒளி'யை லண்டன் நகை வணிகர் ஒருவர் 5 கோடியே 30 இலட்சம் டாலருக்கு வாங்கிச் சென்றார்.