மாடியில் ஒரு விக்கிப்பீடியா

பாலக்கோடு. கீழே தெருவில் தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. மேலே மாடி அறையில், சித்தி பையனின் லேப்டாப்பில், தமிழ் விக்கிப்பீடியாவை ஓட்டும் அதே மீடியாவிக்கி மென்பொருள் எழப்போகிறது. எனக்குக் கை பரபரக்கிறது. 2003 முதல் வாசலில் நின்றே பார்த்த வீட்டின் அடுக்களைக்குள் நுழையப்போகிறேனே!

"அண்ணா, டேட்டா இருக்கா? ஹாட்ஸ்பாட் போடுங்க."

போட்டேன். மூலநிரலை முழு வரலாற்றோடு இறக்கினால் பொழுது விடிந்துவிடும். கடைசி நிலையை மட்டும் இழுத்தான். பிஎச்பி, வெப் சர்வர் என்று ஒவ்வொன்றாக நிறுவி மல்லுக்கட்டும் வேலை இல்லை. 'டாக்கர் கம்போஸ் அப்' என்று ஒரே வரிக் கட்டளை, தேவையானதை உள்ளேயே அடைத்த பெட்டிகளாக மூன்று கண்டெய்னர்கள்: பிஎச்பிக்கு ஒன்று, வெப் சர்வருக்கு ஒன்று, பின்னணி வேலைகளுக்கு ஒன்று. தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட் கோப்பே போதும். நிரல் நம் கோப்புறையிலேயே இருக்கும். கண்டெய்னர் அதை அங்கிருந்தே படிக்கும்.

முதல் முயற்சியில் 'பெர்மிஷன் டினைட்'. லினக்ஸ் ஆச்சே! அமைப்புகளை எழுதும் என்வி (.env) கோப்பில் எங்கள் பயனர் எண்ணை எழுத மறந்திருந்தோம். எழுதினோம். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்று தட்டினோம்.

வந்தது! ஆனால் என்ன கோலம்... வெள்ளைத் தாளில் வெறும் எழுத்து. பக்கத்துக்குத் தோற்றம் தரும் 'ஸ்கின்' மூலநிரலோடு வராதாம், தனியாக எடுத்து வைக்கணுமாம். அந்தப் பக்கமே புலம்பியது. 'வெக்டர்' என்ற ஸ்கினைக் கொண்டுவந்து போட்டதும் பழகிய முகம். 'அட்மின்' பெயரில் உள்ளே போனோம். கடவுச்சொல் 'டாக்கர்பாஸ்'. யார் வீட்டில் நிறுவினாலும் முதலில் அதேதான்! மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் ஓரத்தில் 'அண்மைய மாற்றங்கள்'.

பயலுக்குக் குறும்பு. தமிழ்ச் சொற்கள் இருக்கும் ஜேசன் கோப்பைத் திறந்து, அந்த இடத்தில் 'ஊருல என்ன சேதி' என்று அடித்துச் சேமித்தான். பக்கத்தைப் புதுப்பித்தால், அதேதான் நிற்கிறது! நாங்கள் சிரித்த சிரிப்பில் சித்தி காபியோடு மேலேறி வந்துவிட்டார்.

"ஊரே பாக்குமாடா இத?"

"இல்லம்மா, இந்த லேப்டாப்புல மட்டுந்தான்."

சித்தி முகத்தில் லேசான ஏமாற்றம்.

அந்தக் கோப்பில் உள்ள தமிழையெல்லாம் எழுதியவர்கள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்துத் தன்னார்வலர்கள். நிரல் தெரியாதவர்களும் அங்கே கணக்குத் தொடங்கி மொழிபெயர்க்கலாம். பாலக்கோட்டிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தாச்சு, நீங்களும் வாங்க.