லால்பாக் பாறையும் ஜக்கூர் ஈக்களும்

லால்பாக்கில் கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் பாறைமேல் ஒரு ஞாயிறு மாலையேனும் அமராத தமிழ்க் குடும்பம் பெங்களூரில் அரிது. அப்பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என்பர் நிலநூல் வல்லார். சென்ற மாதம் அங்கே என் மகள், "அப்பா, இவ்வளவு காலமாக இருக்கிறதே, இதற்கு உயிர் உண்டா?" என்றாள். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவள் கேட்டபோதுதான் விழித்தேன்.

இரையுண்டு, அதை எரித்து, அசைவதே உயிரின் அடையாளம் என்றால், நம் தந்தையர் காலத்து நீராவி எஞ்சினுக்கும் உயிர் உண்டென்று சொல்ல நேரும். அது கரியைத் தின்றது, நீரைக் குடித்தது, பெருமூச்செறிந்து ஓடிற்று. ஆயினும் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளவில்லை. எந்த ஷெட்டிலும் அது குட்டி ஈன்றதாக ரயில்வே ஏடுகளில் பதிவில்லை! பாறை வெடிப்பில் படர்ந்திருக்கும் பாசியோ செல்கள் என்னும் நுண்ணறைகளால் ஆனது. வெயில், காற்று, நீர் ஆகியவற்றைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்குகிறது, ஒளியையும் ஈரத்தையும் உணர்கிறது, வளர்கிறது, தன்னைப் போன்றதைப் பெருக்குகிறது.

"தன்னைப் போன்றது" என்றேனேயன்றித் "தன்னையே" என்றேனில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இரார். அவ்வேற்றுமைகளுள் வழிவழி வருவன சில உண்டு. சூழலுக்கு இசைந்த வேற்றுமை உடையவை மிகுதியான சந்ததியை விட்டுச் செல்கின்றன. தலைமுறைகள் செல்லச் செல்ல இனமே மாறுகிறது. 1858இல் டார்வினும் வாலஸும் வெளியிட்ட கருத்து இதுவே. குரங்கு ஒருநாள் மனிதனாயிற்று என்று அவர்கள் கூறவில்லை. இரண்டிற்கும் பொதுவான மூதாதை இருந்ததென்பதே கொள்கை. தொல்காப்பியர் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்தது வியத்தற்குரியது. ஆனால் அதுவே பரிணாமக் கொள்கை என்று மேடைகளில் முழங்குவது மிகை. வகுத்தல் வேறு, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்ததென்று காட்டுவது வேறு.

இம்மாற்றத்தைக் கண்ணால் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நம் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்தில் பேராசிரியர் அமிதாப் ஜோஷியும் அவர் மாணவர்களும் பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்தனர். முட்டை ஈயாவதற்குச் சுமார் பத்து நாட்கள் ஆகும். முந்தி வெளிவந்த ஈக்களின் முட்டைகளையே அடுத்த தலைமுறைக்கென எடுத்துக்கொண்டார்கள். தலைமுறைதோறும் இவ்வாறே செய்துவர, ஈக்கள் முன்னிலும் விரைவாக முதிர்ந்தன. ஆனால் உடல் சிறுத்தது. ஈயாகுமுன்பே மடிந்த புழுக்களும் பெருகின. விரைவுக்கு விலை இருந்தது. எந்த ஈயும் விரைய விரும்பி விரையவில்லை என்பதையும் கருதுக.

இவற்றை மகளுக்கு விளக்க எண்ணி அவளுடைய பள்ளி நூலைப் புரட்டினேன். மத்திய பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு அறிவியலில் "பாரம்பரியமும் பரிணாமமும்" என்றிருந்த பாடம், 2022இல் சுமை குறைக்கும் பெயரால் "பாரம்பரியம்" என்று மட்டும் சுருங்கியது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் இதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் உண்டே என்றனர் அதிகாரிகள். உண்டுதான், உயிரியல் எடுப்போர்க்கு மட்டும். என் போன்று பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து வேலைக்கு வந்தவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! எனக்குத் தெரிந்த அறிவியல் அந்த வகுப்பில் கேட்டதுதான்.

ஆகவே நாங்கள் வீட்டிலேயே தொடங்கிவிட்டோம். கனிந்த வாழைப்பழத் துண்டொன்றை வாயகன்ற புட்டியிலிட்டு, ஈ வந்து அமரும்வரை திறந்து வைத்து, பின்னர் மெல்லிய துணியால் வாயைக் கட்டினோம். ஐந்தாம் நாள் புழுக்கள் நெளியக் கண்டோம். மகள் தேதியிட்டுக் குறித்து வருகிறாள். இன்று எட்டாம் நாள்.