திப்புவின் வாளும் நம் வீட்டுப் பரணும்: பழம்பொருள் ஏலம் பற்றி அறிய வேண்டியவை

2023 மே 23 அன்று லண்டனில் உள்ள போன்ஹாம்ஸ் ஏல நிறுவனத்தில் ஒரு வாள் விற்பனைக்கு வந்தது. மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் அந்தரங்க அறையில் கிடைத்த வாள் அது. 15 லட்சம் முதல் 20 லட்சம் பவுண்டு வரை விலை போகும் என்று நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. ஆனால் வாங்கியவர் கொடுத்தது 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கும் மேல். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 144 கோடி ரூபாய்.

செய்தி வெளியானதும் நம்மில் பலருக்கு இரண்டு உணர்வுகள் ஒருசேர எழுந்தன. ஒன்று பெருமை. மற்றொன்று வேதனை. நம் நாட்டு மன்னரின் வாள் அங்கே எப்படிப் போனது? அதை விற்கும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? இந்திய அரசு ஏன் தடுக்கவில்லை?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பெட்டியைப் பற்றியும் சில பாடங்கள் கிடைக்கின்றன.

வாள் எப்படிப் போனது?

1799 மே 4. ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையை உடைத்து உள்ளே புகுந்தது. திப்பு சுல்தான் போர்முனையிலேயே உயிர் துறந்தார். அன்று தாக்குதலை நடத்திச் சென்றவர் டேவிட் பெயர்டு என்ற தளபதி. இவருக்கும் திப்புவுக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. 1780-ல் நம் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயப் படையை முறியடித்தபோது சிறைபிடிக்கப்பட்டவர்களில் பெயர்டும் ஒருவர். 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாக இருந்தார்.

கோட்டை விழுந்தபின் அரண்மனைச் செல்வத்தைப் பங்கிட ஆங்கிலேயர்கள் ஒரு குழு அமைத்தார்கள். தாக்கிப் பிடித்த ஊரின் பொருட்கள் படைக்குச் சேரும் என்பது அன்றைய அவர்களின் வழக்கம். தளபதிக்குப் பெரும் பங்கு, சிப்பாய்க்குச் சிறு பங்கு எனப் பதவிப்படி பிரித்தார்கள். திப்புவின் பொன் சிம்மாசனத்தைப் பங்கு போடுவதற்காகவே துண்டு துண்டாக உடைத்தார்கள். அந்தரங்க அறையில் கிடைத்த வாள், பெயர்டின் வீரத்தைப் பாராட்டி அவருக்கு வழங்கப்பட்டது.

சிம்மாசனத்தின் பெரிய புலித்தலையும் ஹுமா பறவையும் இன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் உள்ளன. ஆங்கிலேயச் சிப்பாயைப் புலி கடிப்பது போன்ற இசைப்பொம்மை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூலகத்தில் இருந்த அரபு, பாரசீகக் கையெழுத்து நூல்கள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போயின. திப்புவின் குடும்பத்தினர் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டார்கள். 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

விலையைத் தீர்மானிப்பது எது?

பழைய வாள்கள் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பொருள் இன்னாருடையது, இன்ன நாளில் இன்னார் கைக்குப் போனது, அதன்பின் யார் யாரிடம் இருந்தது என்ற சங்கிலி அறாமல் இருந்தால்தான் விலை ஏறும். ஏலக்காரர்கள் இதை உரிமை வரலாறு என்பார்கள். கடிதம், பட்டியல், ரசீது, பழைய புகைப்படம், பொருளிலேயே பொறித்த எழுத்து ஆகியவை அதற்குச் சான்றுகள்.

இங்கே கசப்பான ஓர் உண்மை இருக்கிறது. எடுத்துப் போனவர்கள் எழுதி வைத்தார்கள். திப்புவின் நூலகத்துக்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் 1809-லேயே அச்சிட்ட பட்டியல் வெளியிட்டார். எந்தத் தளபதிக்கு எது கிடைத்தது என்பதைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்தன. இன்று அந்தக் காகிதங்களே கோடிகளாக மாறுகின்றன.

சிம்மாசனத்தைச் சுற்றி இருந்த சிறிய பொன் புலித்தலைகளில் ஒன்று 2009-ல் லண்டன் ஏலத்தில் 3,89,600 பவுண்டுக்குப் போனது. 2021-ல் இன்னொரு புலித்தலையின் மதிப்பு 15 லட்சம் பவுண்டு என்று சொல்லப்பட்டது. அது பிரிட்டனை விட்டு வெளியேறாதபடி பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடையும் போட்டது. நம்மிடமிருந்து எடுத்துப் போனது அவர்களின் தேசியப் பொக்கிஷம் ஆகிவிட்டது!

ஆனால் எல்லா ஏலமும் இப்படி முடிவதில்லை. திப்புவுடன் தொடர்புடைய மற்றொரு வாள், கார்ன்வாலிஸ் குடும்பத்திடமிருந்து, அதே 2023 அக்டோபரில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தது. 15 முதல் 20 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டிருந்தும் அது விலை போகவில்லை. மதிப்பீடு என்பது எதிர்பார்ப்புதான். வாங்க ஆள் வந்தால்தான் அது விலை.

ஏலம் நடக்கும் முறை

ஏல நிறுவனம் பொருளின் உரிமையாளர் இல்லை, இடைத்தரகர். பொருளைக் கொண்டு வருபவரோடு ஒப்பந்தம் போட்டு, ஆய்வு செய்து, பட்டியலில் எண் கொடுத்து வெளியிடுகிறது. இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று உரிமையாளர் சொல்லும் தொகை ரிசர்வ் விலை. அது பொதுவாக வெளியே சொல்லப்படுவதில்லை. கேள்வி அந்தத் தொகையை எட்டாவிட்டால் பொருள் திரும்பிப் போகும்.

சுத்தியல் தட்டியபோது இருந்த தொகையோடு செலவு முடிவதில்லை. வாங்குபவர் அதன்மேல் நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் இது நூற்றுக்கு 20-க்கும் மேல் இருப்பது சாதாரணம். விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். செய்தித்தாளில் வரும் தொகை முழுவதும் விற்றவர் கைக்குப் போவதில்லை.

மார்க்கத்தின் பார்வையில் ஏல விற்பனை பொதுவாக அனுமதிக்கப்பட்டதே. ஆனால் நபி (ஸல்) அவர்கள் 'நஜ்ஷ்' என்பதைத் தடை செய்தார்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல், பிறரை ஏமாற்றி விலையை ஏற்றிவிடுவதற்காக மட்டும் கேள்வி கேட்பதுதான் நஜ்ஷ். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள தடை. விற்பவர் தன் உறவினரையோ நண்பரையோ கூட்டத்தில் நிறுத்தி விலை ஏற்றச் சொல்வது இதில் அடங்கும். ஊரில் மீன் ஏலமானாலும், ஜமாஅத் கடை வாடகை ஏலமானாலும், இணைய ஏலமானாலும் சட்டம் ஒன்றுதான். பொருளில் உள்ள குறையை மறைத்து விற்பதும் அப்படியே. புதிதாகச் செய்த பித்தளைச் செம்பைக் கறுக்க வைத்து '200 வருடப் பழசு' என்று விற்பது மோசடி.

இந்தியா ஏன் தடுக்கவில்லை?

கலாச்சாரப் பொருட்களின் சட்டவிரோதக் கடத்தலைத் தடுக்க 1970-ல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை கொண்டு வந்தது. அது முன்தேதியிட்டுச் செல்லாது. 1799-ல் போனதை அதைக் காட்டி நீதிமன்றத்தில் கேட்பது கடினம். இந்தியாவின் பழம்பொருட்கள் சட்டம் 1972-ல் வந்தது. அதுவும் அதற்கு முன் வெளியேறிய பொருளைக் கட்டுப்படுத்தாது.

ஆனாலும் எல்லாக் கதவும் மூடவில்லை. 1898-ல் உத்தரப் பிரதேசத்தின் பிப்ரஹ்வாவில் தோண்டியெடுத்த, புத்தருடன் தொடர்புடைய மணிக்கற்களை 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலம் விட சோத்பிஸ் நிறுவனம் அறிவித்தது. இந்திய அரசு சட்ட நோட்டீஸ் அனுப்பியது. பௌத்தர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. ஏலம் நிறுத்தப்பட்டு, ஜூலை இறுதியில் அந்தக் கற்கள் இந்தியா வந்து சேர்ந்தன. இந்தியத் தொழில் குழுமம் ஒன்று அவற்றைப் பெறுவதற்கு முன்வந்தது. சட்டம் கைகொடுக்காத இடத்தில், சான்றோடு எழும் சமூகத்தின் குரல் கைகொடுக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் என்ன இருக்கிறது? பாட்டனார் பர்மாவிலிருந்து கொண்டு வந்த தேக்குப் பெட்டி, பன்னீர்ச் செம்பு, வெற்றிலைப் பெட்டி, இலங்கை, பினாங்கு வியாபாரத்தின் கணக்குப் புத்தகங்கள், அரபுத்தமிழ் கிதாபுகள், கையால் எழுதிய குர்ஆன் பிரதிகள். வீட்டை இடித்துக் கட்டும்போது இவை எடைக்குப் போகின்றன. பழம்பொருள் வியாபாரி சில நூறு ரூபாய் கொடுத்து அள்ளிச் செல்கிறார். பொருள் போவதோடு, அது யாருடையது என்ற செய்தியும் அன்றே அழிந்து விடுகிறது.

கையெழுத்துக் குர்ஆன் பிரதிகளின் நிலை இன்னும் பரிதாபம். பழுதாகிவிட்டது என்று மரியாதையோடு மண்ணில் புதைக்கிறோம். அதற்கு முன் கடைசிப் பக்கத்தை ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். எழுதியவர் பெயர், ஊர், ஹிஜ்ரி ஆண்டு அங்கே இருக்கக்கூடும். ஹிஜ்ரி 1300 என்று இருந்தால் அது 1882-83-ல் எழுதப்பட்டது. நம் ஊரின் வரலாற்றுக்கு அந்த ஒரு வரியே சாட்சி.

செய்ய வேண்டியவை:

1. விற்கும் முன் வாரிசுகளைக் கேளுங்கள். இறந்தவர் விட்டுச் சென்ற பெட்டியும் சொத்துதான். சகோதரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. வீட்டில் குடியிருக்கும் ஒரு மகன் தனியாக விற்றுப் பணத்தை வைத்துக்கொள்வது மற்றவர் ஹக்கை எடுப்பதாகும்.

2. எழுதி வையுங்கள். பொருளைப் படம் எடுத்து, யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, சொன்னவர் யார் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். உம்மா, பெரியம்மா, மாமிமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

3. தேய்க்காதீர்கள். பழைய நாணயத்தைப் புளி போட்டு விளக்கினால் அதன் மதிப்பு குறையும். பழைய பத்திரங்களை லேமினேட் செய்தால் பிறகு பிரித்துச் சீர் செய்வது கடினம்.

4. சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1972 சட்டப்படி 100 ஆண்டு ஆன கலைப்பொருட்களும், 75 ஆண்டு ஆன மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிகளும் பழம்பொருட்கள். இவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் மகனுக்குப் பாட்டனார் கிதாபைக் கொடுத்தனுப்பும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள். பொருள் அவ்வளவு பழையது இல்லை என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்றிதழ் பெறலாம். பழம்பொருள் வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். விற்பதாக இருந்தால் உரிமம் உள்ளவரிடமே விற்று, ரசீது வாங்குங்கள்.

5. புதையல் கிடைத்தால் மறைக்காதீர்கள். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைக்கும் நாணயக் குடத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம்.

6. இணைய ஏமாற்றில் விழாதீர்கள். 'பழைய 5 ரூபாய் நோட்டுக்குப் பல லட்சம்' என்று ஆசை காட்டி, கமிஷன், வரி என்று முன்பணம் கறக்கும் கும்பல்கள் இருக்கின்றன. தன் பெயரைச் சொல்லி இப்படிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. வாங்குபவர் விற்பவரிடம் முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

7. விற்பது ஒன்றே வழி இல்லை. சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பாரசீக, உருதுச் சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியாததை அதுபோன்ற இடத்துக்குக் கொடுக்கலாம். கொடுக்க மனமில்லையா? ஒவ்வொரு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து ஊர் ஜமாஅத்திலும் மதரஸாவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

திப்புவின் வாளைத் திரும்பக் கொண்டு வருவது நம் கையில் இல்லை. நம் பாட்டனாரின் கிதாப் எடைக்குப் போகாமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது. இந்த விடுமுறையில் பரண் பெட்டியைக் கீழே இறக்குங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பொருளும் யாருடையது என்று சொல்லிக்கொடுங்கள். அவர்கள் கையாலேயே அதை எழுத வையுங்கள்.