முழங்கால் விளக்கத்தை எதைக் கொண்டு அளப்பது?

மூட்டின் குருத்தெலும்பு நாளடைவில் நைந்துபோகும் மூட்டுத் தேய்வு நோயில், உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் நோயாளியே அன்றாடம் செய்துகொள்ள வேண்டிய முதற்சிகிச்சைகளாதலால், அவர் எதை விளங்கிக்கொண்டார் என்பது மருந்துக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகிறது. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் போன்ற ஊர்களிலிருந்து எலும்பு மூட்டு நிபுணரைக் காணப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டியிருப்பதாலும், பிள்ளைகள் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்வதாலும், முழங்கால் வருத்தம் பற்றிய முதல் விளக்கம் கைத்தொலைபேசிக் காணொளியாகவே வந்து சேர்வதுண்டு.

அத்தகைய விளக்கங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் வாசிப்பு எளிமையையே முதலில் பார்க்கின்றனர். 1948 இல் ருடோல்ஃப் ஃபிளெஷ் வகுத்த சூத்திரம் வாக்கிய நீளத்தையும் சொற்களின் அசைகளையும் எண்ணுவது. ஆறாம் வகுப்பு மட்டத்தைத் தாண்டக்கூடாதென்ற பரிந்துரையை ஆங்கில மூட்டு மருத்துவப் பக்கங்கள் பல மீறுவதை அதன் வழிவந்த அளவைகளே காட்டின. ஆனால் வேற்றுமையுருபும் எதிர்மறையும் ஒரே சொல்லில் ஒட்டிவரும் தமிழில், சிறுபிள்ளைக்கும் விளங்கும் சொல் ஏழெட்டு அசை கொண்டிருக்கக்கூடுமாதலால், அச்சூத்திரத்தை அப்படியே இங்கே பொருத்துவது தவறு. 1999 இல் வெளியான ‘டிசேர்ன்’ என்னும் 16 வினாக் கருவி இதைவிடப் பயனுள்ளது. சிகிச்சையின் தீமைகளும், சிகிச்சையே பெறாவிட்டால் நேர்வதும் சொல்லப்பட்டுள்ளனவா என்று அது கேட்கிறது. எனினும் அதுவும் விளக்கத்தை அளக்கிறதேயன்றி முழங்காலை அளப்பதில்லை.

முழங்காலை அளக்க உலகெங்கும் வழங்குவது ‘வோமாக்’ வினாத்தாள்: வலிக்கு 5, விறைப்புக்கு 2, அன்றாடச் செயல்களுக்கு 17 என 24 வினாக்கள். காலுறை அணிவதும் குளியல் தொட்டியில் இறங்குவதும் அதில் உண்டு. குந்தியிருப்பதும் சம்மணம் கட்டுவதும் இல்லை. கிணற்றடியில் வாளி தூக்கிக் குளிப்பவரிடம், கோயிலில் நிலத்தில் இருந்து எழும்ப வேண்டியவரிடம், அத்தாள் கேட்க வேண்டியதைக் கேட்கத் தவறுகிறது. புனேயின் வாதநோய் மையம் இந்திய வாழ்க்கைக்கேற்ப அதைத் திருத்தியமைத்தது இக்குறையை உணர்ந்தே.

அறிவூட்டலின் பயனை மிகைப்படுத்துவதும் ஆகாது. இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைக்கு முன்னரான அறிவூட்டலைப் பற்றிய 18 சோதனைகளைத் தொகுத்த 2014 ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வு, வழக்கமான பராமரிப்பைவிட அது வலியையோ பதற்றத்தையோ கணிசமாகக் குறைப்பதற்கு உறுதியான சான்று காணவில்லை. ஆகவே காணொளியைப் பார்த்தவர் தொகையைக் காட்டிலும், பயிற்சியை நோயாளி தாதியின் முன் திருப்பிச் செய்து காட்டுகிறாரா, சில வாரங்களின் பின்னும் அதைச் செய்துவருகிறாரா, குந்தி எழும்புவது முன்னரிலும் இலகுவாகியுள்ளதா என்பவற்றையே பதிவு செய்ய வேண்டும்; இதற்குத் தேவையானவை ஒரு கதிரை, ஒரு பதிவேடு, பத்து நிமிடம் ஒதுக்கக்கூடிய ஒரு தாதி மட்டுமே.