முழுமை: ஊறின்மையா, எஞ்சாமையா?



ஆங்கிலத்திலே ‘ஹோல்’ என்றொரு சொல் உண்டு. ‘முழுமை’ என்று பொருளெழுதிவிட்டு மாணவர் அப்பாற் செல்வர். அதன் பிறப்பை நோக்கினால் வேறொரு பொருள் தெரியவரும். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹால்’ என வழங்கிற்று. ஊறுபடாத, நோயற்ற என்பதே அதன் பொருள். உடல்நலத்தைக் குறிக்கும் ‘ஹெல்த்’, குணமாக்குதலைக் குறிக்கும் ‘ஹீல்’, புனிதத்தைக் குறிக்கும் ‘ஹோலி’ ஆகியன அதன் உடன்பிறப்புகள். முதலெழுத்தாய் நின்றும் ஒலிக்காத ‘டபிள்யூ’ 15ஆம் நூற்றாண்டளவில் வந்து ஒட்டிக்கொண்டது.

1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் நோயாளி குணமாவதை இச்சொல் பலவிடத்துக் குறிக்கின்றது. தமிழாக்கியோர் அங்கே ‘முழு’ என்னாது ‘சொஸ்தம்’ என்றனர். பொருளறிந்து செய்த வேலை அது.

1926இல் யான் ஸ்மட்ஸ் என்னும் தென்னாபிரிக்கத் தலைவர் தம் நூலில் ஆண்ட ‘ஹோலிசம்’ இக்குடும்பத்தது அன்று. அது கிரேக்க ‘ஹோலோஸ்’ என்பதன் வழிவந்தது. வடமொழிச் ‘சர்வ’ என்பதே அதற்கு உறவு.

இனி நம் சொல்லுக்கு வருவோம். ‘முழுது’ என்பதற்குத் தொல்காப்பியர் உரியியலில் தரும் பொருள் எஞ்சாமை. அவ்வியல் அமைந்த சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868இல் அச்சிற் கொணர்ந்தவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. எஞ்சாமையாவது, ஒன்றும் மிச்சமின்றி அடங்குதல். யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டிலே பந்தி வைக்குமுன், “முழுப்பேரும் வந்திட்டினமோ?” என்று கேட்கிறோமே, அக்கேள்வியில் இலக்கணப் பொருள் அப்படியே உயிரோடிருக்கிறது.

இவ்வேறுபாடு வெறும் அகராதிச் செய்தியன்று. 2009இல் போர் ஓய்ந்தபின் கையிழந்தோர், காலிழந்தோர் எத்தனையோ பேர் எம்மிடையே வாழ்கின்றனர். ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளை அளவுகோலாக்கினால் அவர்கள் குறையுடையர். எஞ்சாமையை அளவுகோலாக்கினாலோ, அவர்களை வாசலில் விட்டுப் பந்தி தொடங்கும் சபையே குறையுடையது.

சொல்லின் வேர் எவரையும் கட்டாது என்பது உண்மை. இன்று ஆங்கிலேயரும் அச்சொல்லை ‘எல்லாம்’ என்னும் பொருளிலே பெரிதும் ஆள்கின்றனர். ஆயினும் ‘முழு’ என்று நாம் சொல்லும்போதெல்லாம், எஞ்சியவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று. மண்டபத்துக்குச் சாய்தளம் அமைப்பதும் அந்தச் சொல்லுக்கு உரை எழுதுவதே.

மற்றொரு சொல்லுடன் மீண்டும் சந்திப்போம்.