நிறுவனம் தந்த கைப்பேசி

கல்லூரிப் படிப்பை முடித்துப் பணியில் அமரும் இளைஞர் பலருக்கு இக்காலத்தில் நியமனக் கடிதத்தோடு ஒரு கைப்பேசியும் கிடைக்கிறது. கட்டணத்தை நிறுவனமே செலுத்திவிடும். செலவின்றி வந்த பொருள் என்று வீட்டாரும் மகிழ்வர். ஆயின், அதனை அரசினர் குடியிருப்பு வீட்டுக்கு ஒப்பிடுவதே பொருந்தும். அவ்வீட்டில் சமைக்கலாம், உறங்கலாம், உறவினரை வரவேற்கலாம். சுவரை இடித்துக் கட்ட இயலாது. மாற்றல் உத்தரவு வந்தால் சாவியைத் திருப்பித் தரவேண்டும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வீட்டைப் பார்வையிட வரும் அதிகாரி கதவைத் தட்டிவிட்டு வருவார். கைப்பேசிக்கு உரியவர் தட்டவேண்டிய தேவையே இல்லை.

அது எங்ஙனம் என்பதைப் பார்ப்போம். கருவியை ஊழியரிடம் கொடுக்குமுன் நிறுவனம் அதனைத் தன் மேலாண்மைக் கணினியோடு பிணைத்துவிடுகிறது. அதன்பின் அக்கணினி இணையத்தின் வழியே கட்டளைகளை அனுப்பும், கருவி கீழ்ப்படியும். கடவுச்சொல் இத்தனை எழுத்துகள் கொண்டதாக இருக்கவேண்டும், இன்ன செயலியை நிறுவலாகாது, இக்கணமே பூட்டிக்கொள், உள்ளிருப்பவை யாவற்றையும் அழித்துவிடு என்பன போன்றவை அக்கட்டளைகள். எந்தெந்தச் செயலிகள் உள்ளன என்பதும் அதற்குத் தெரியும். நாம் அனுப்பும் குறுஞ்செய்திகளின் வாசகம் பொதுவாக இம்முறையால் தெரிவதில்லை. ஆனால் அலுவலக மின்னஞ்சல் நிறுவனத்தின் வசத்திலேயே தங்குகிறது என்பதை மறக்கலாகாது.

இவ்வதிகாரம் தீய நோக்கத்தால் ஏற்பட்டதன்று. பேருந்தில் மறந்துவைத்த கைப்பேசியில் ஒரு மருத்துவமனையின் நோயாளர் விவரங்கள் இருந்தால், அவற்றைத் தொலைவிலிருந்தே அழிப்பதுதானே முறை? ஆனால் அதே கட்டளை குழந்தையின் முதற் பிறந்தநாள் படங்களையும் அழித்துவிடும். அவற்றின் படி வேறிடத்தில் இல்லையேல் இழப்பு ஊழியருடையதே.

இனி, கருவி ஒருவருடையது, அதில் எழுதிய செய்தி மற்றொருவருடையது என்னும்போது எழும் சிக்கலைக் காண்போம். கலிபோர்னியாவிலுள்ள ஆன்டாரியோ நகராட்சி 2001-ஆம் ஆண்டில் தன் காவலர் சிலருக்குப் பேஜர் என்னும் செய்திக் கருவிகளை அளித்தது. மாதத்துக்கு 25,000 எழுத்துகள் வரம்பு; மிகுந்தால் கூடுதல் கட்டணம். நகராட்சியின் கணினிகளில் அந்தரங்கத்தை எதிர்பார்க்கலாகாது என்று விதி இருந்தது. பேஜருக்கும் அது பொருந்தும் என்று பின்னர் ஒரு கூட்டத்தில் அறிவித்தனர். எனினும் மேற்பார்வை அதிகாரி ஒருவர், மிகைக் கட்டணத்தைத் தாமே செலுத்துவோரின் செய்திகளைச் சோதிக்கப்போவதில்லை என்று வாய்மொழியாகக் கூறினார். காவலர் ஒருவர் பலமுறை வரம்பைக் கடந்தார், பணத்தையும் கட்டினார். பிறகு காவல்துறைத் தலைவர், வரம்புதான் போதவில்லையோ என்று அறியும் பொருட்டு இரண்டு மாதச் செய்திகளை வரவழைத்தார். 2002 ஆகஸ்டில் பணி நேரத்தில் அக்காவலர் அனுப்பியும் பெற்றும் இருந்தவை 456 செய்திகள். அவற்றுள் பணி பற்றியவை 57-க்கு மேல் இல்லை. ஏனையவற்றில் பிறர் கண்ணில் படக்கூடாத அந்தரங்கங்களும் இருந்தன.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்தரங்கத்தை எதிர்பார்க்க அவருக்கு உரிமை இருந்ததாகவே கொண்டாலும், பணி சார்ந்த காரணத்துக்காக அளவோடு நடந்த அச்சோதனை நியாயமானதே என்று 2010 ஜூனில் நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். மேலதிகாரியின் இனிய வாய்ச்சொல் அவரைக் காக்கவில்லை. அவருக்கு மறுமொழி எழுதியோரின் அந்தரங்கமும் வெளிப்பட்டதே, அவர்கள் எந்த விதியில் கையொப்பமிட்டனர் என்று கேட்கத் தோன்றுகிறது!

ஐரோப்பாவில் காற்றுச் சற்று வேறு திசையில் வீசியது. கண்காணிப்பு உண்டென்பதையும் அதன் அளவையும் ஊழியருக்கு முன்னதாகவே அறிவித்தார்களா என்பதை நீதிமன்றங்கள் ஆராயவேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017-இல், ருமேனிய ஊழியர் ஒருவரின் வழக்கில் கூறியது.

அந்தரங்கத்தைக் காட்டிலும் கடினமானது நேரத்தைப் பற்றிய கேள்வி என்பது என் கருத்து. இரவு பத்து மணிக்குக் கைப்பேசி ஒலித்தால் எடுக்காமலிருப்பது எளிதன்று. எவரும் கட்டாயப்படுத்தாவிடினும் மனம் கட்டாயப்படுத்தும். ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தார் 2011-இல் இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். ஊழியர் சிலரின் பிளாக்பெர்ரிக் கைப்பேசிகளுக்கு, வேலை முடிந்து அரைமணிக்குப் பின் அலுவலக மின்னஞ்சல் செல்லாது. மறுநாள் வேலை தொடங்க அரைமணி இருக்கும்போதே மீண்டும் செல்லும். மன உறுதியை ஊழியரிடம் எதிர்பாராமல் இயந்திரத்தையே உறங்கச் செய்தனர். பிரான்சு நாடோ 2017 சனவரி முதல், தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்திலேயே இடம்பெறச் செய்தது.

பணியிலிருந்து விலகும் நாளில் கருவியோடு எண்ணும் நிறுவனத்துக்கே திரும்புவது வழக்கம். வங்கிக் கணக்கை அவ்வெண்ணோடு இணைத்திருப்பவர், பணம் அனுப்ப முயலும்போதுதான் திகைப்பார். கணக்கைத் திறக்கும் இரகசிய எண் அந்த நாற்காலியில் புதிதாக அமர்ந்தவரின் கைக்குப் போய்ச் சேரும். ஆதலின் சொந்த எண் ஒன்றை, சிறிய கருவியிலாயினும், தனியே வைத்துக்கொண்டு வங்கி முதலியவற்றை அதனோடு இணைப்பதே தக்கது. நியமனக் கடிதத்தோடு வரும் கைப்பேசி விதிகளைக் கையொப்பமிடுமுன் படிக்கக் கால்மணி நேரம் போதும்.