ஆய்வாளர்க்கு ஒரு துணைப்பாடம்: கணினியியலும் பயன்பாட்டுக் கணிதமும்

குரும்பலூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவதை அறியாதார் பெரம்பலூர் மாவட்டத்தில் இலர். 2018ஆம் ஆண்டில் நம் நாட்டில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அம்மக்காச்சோளத்தை அரித்தபோது உழவர் பட்ட பாட்டையும் நாம் கண்டோம். அப்புழுவைப் பற்றி ஆராய்ந்த விலங்கியல் மாணவர் ஒருவரின் வாய்மொழித் தேர்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பார்வையாளராகச் சென்றிருந்தோம். ஊர் அவருக்குக் குரும்பலூர். குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர். எந்தச் செடியில் எத்தனை புழு என்று வெயிலில் நின்று தாமே எண்ணியவர். புறத்தேர்வாளர் ஒன்றே ஒன்று வினவினார்: "இந்தப் புள்ளியியல் சோதனையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" மாணவர் சற்றுத் தயங்கி, "கணினி மையத்தில் போட்டுத் தந்தார்கள், ஐயா" என்றார். அவையில் சிலர் சிரித்தனர். நம்மால் சிரிக்க இயலவில்லை.

வினாவின் உட்பொருள் எளியது. நூறு செடிகளை எண்ணினால் பலவற்றில் புழுவே இராது. ஒரு சிலவற்றில் மட்டும் கூட்டமாக இருக்கும். அவர் ஆய்வேட்டில் இருந்த சோதனையோ, அளவுகள் எல்லாம் சராசரியின் இருபுறமும் மணி வடிவில் பரவியிருக்கும் என்னும் எடுகோளின்மேல் நிற்பது. எண்கள் உண்மையானவை; அவற்றின்மேல் ஏற்றிய கணக்குத்தான் பொருந்தாதது. பட்டம் கிடைத்தது. ஆயினும் தம் உழைப்புக்குத் தாமே விளக்கம் கூற இயலாமல் அவர் நின்ற நிலை நம் மனத்தை விட்டு அகலவில்லை.

இளங்கலையில் 'அலைடு' என்று வழங்கும் துணைப்பாடத்தை யாவரும் அறிவர். வேதியியல் மாணவர் கணிதத்தையும் இயற்பியலையும் உடன் பயில்வார். முதுகலையில் அவ்வழக்கம் குன்றி, முனைவர் பட்ட நிலையில் அறவே மறைந்துவிடுகிறது. எப்போது மிகுதியும் தேவையோ அப்போது இல்லை! பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில இக்குறையை உணர்ந்து செயற்பட்டுள்ளன. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கணிப்பு, கணிதப் பொறியியலுக்கென்றே அமைந்த நிறுவனம், வேறு துறையில் முனைவர் பட்டம் பயில்வோர்க்குத் தன் பாடங்களைத் துணைப்பாடமாக வழங்குகிறது. அந்நாட்டு எரிசக்தித் துறை 1991இல் தொடங்கிய ஆய்வு உதவித்தொகையைப் பெறுவோர் தம் அறிவியல் துறையோடு கணிதத்தையும் கணினியியலையும் முறையாகப் பயில வேண்டும். மேலோட்டமான அறிமுக வகுப்பன்று இது. அத்துறையினரே நடத்தி, அத்துறையினரே தேர்வு வைக்கும் பாடம்.

நம் நாட்டு விதிகளும் இதற்கு இடந்தருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட மாணவர்க்குப் பாடப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. ஆய்வு நெறிமுறைத் தாளில் அளவைசார் முறைகளும் கணினிப் பயன்பாடும் இடம்பெறலாம் என்றன. 'இடம்பெறலாம்' என்பதை நம்மவர் எவ்வாறு பொருள்கொண்டனர் என்பதை விரிக்க வேண்டுவதில்லை. பெரும்பாலும் ஓர் அலகு, அதிலும் ஒரு பகுதி. 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டன. முறைகளைக் கற்க மாணவர்க்கு இருந்த ஓராண்டு அதனோடு போயிற்று. எஞ்சியிருப்பது குறைந்தது 12 கிரெடிட் கொண்ட பாடப் பயிற்சி ஒன்றே.

இவையெல்லாம் அறிவியல் மாணவர்க்கே, தமிழ்த் துறைக்கு இதில் என்ன வேலை என்று எண்ணுவோர் உண்டு. 1787-88இல் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 85 கட்டுரைகள் புனைபெயரில் வெளிவந்தன. அவற்றுள் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா மாடிசனா என்னும் வழக்கு நெடுங்காலம் தீராதிருந்தது. மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் புள்ளியியலார் இருவர் 1964இல் நூலாக வெளியிட்ட ஆய்வில் கருத்துச் சொற்களை ஒதுக்கி, எழுதுவோர் தம்மையறியாமல் கையாளும் சிறு சொற்களையே எண்ணினர். 'அப்பான்' என்னும் ஆங்கில முன்னிடைச் சொல் ஹாமில்டனிடம் மிகுதி, மாடிசனிடம் அரிது. நிகழ்தகவுக் கணக்கு மாடிசன் பக்கமே சாய்ந்தது. பாரதியாரின் 'இந்தியா' இதழில் பெயரின்றி வந்த கட்டுரைகளை இத்தகைய முறையால் ஆராயும் முயற்சி தமிழகத்திலும் நடந்துள்ளது.

ஆனால் தமிழில் எண்ணுவது அத்துணை எளிதன்று. இடைவெளிக்கும் இடைவெளிக்கும் நடுவே நிற்பதையே கணினி ஒரு சொல்லெனக் கொள்ளும். 'மரம்', 'மரத்தை', 'மரத்திலிருந்து' ஆகியவை அதற்கு மூன்று வேறு சொற்கள். 'என்று' என்பதோ பழைய அச்சில் 'வருவேனென்று' எனப் புணர்ந்து ஒளிந்துகொள்ளும்! கணினி மையத்தில் காசு கொடுத்து எண்ணச் சொன்னால், பிரித்து அச்சிட்ட பதிப்பிற்கும் சேர்த்து அச்சிட்ட பதிப்பிற்கும் உள்ள வேற்றுமை இரண்டு ஆசிரியர்களின் வேற்றுமையாகத் தோன்றிவிடும். புணர்ச்சி விதி அறிந்தவரே நிரலும் எழுத அறிந்திருந்தால்தான் இப்பிழை பிடிபடும். நிரலுக்கு அடிப்படையான படிமுறையைக் குறிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயர்வழி வந்தது என்பதை இம்மலரின் வாசகர்க்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை.

கணினி தரும் விடை பிழையாகுமா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். ஆகும். பத்தில் ஒன்று என்னும் பின்னத்தை இரும எண்முறையில் முடிவுற எழுத இயலாது; எங்கோ வெட்டித்தான் ஆகவேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று, நம்மவர் பலர் பிழைப்பு நாடிச் செல்லும் சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், நூறு மணி நேரம் இடைவிடாது இயங்கிய ஏவுகணைத் தடுப்புக் கருவியொன்றில் இந்த வெட்டுப் பிழை சிறுகச் சிறுகக் கூடி ஏறத்தாழ 0.34 நொடியாயிற்று. வந்த ஏவுகணையை அக்கருவி தவறவிட்டது. 28 படைவீரர் மாண்டனர். எண்சார் பகுப்பாய்வு என்னும் கணிதப் பிரிவு இத்தகைய பிழைகளை முன்னரே அளந்து சொல்லும் கலையாகும்.

நம் கல்லூரிகளில் செய்யக்கூடியது யாது? கணிதத் துறையும் கணினித் துறையும் கூடி, பிற துறை ஆய்வாளர்க்கென இரண்டு தாள்களை வகுக்கலாம். ஒன்றில் நிகழ்தகவும் அணிக் கோவையும். மற்றொன்றில் நிரலாக்கமும் எண்சார் முறைகளும். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் இப்பாடங்கள் காணொலியாக உள்ளன. மானியக் குழு ஏற்ற இணையவழிப் பாடங்களைக் கிரெடிட் கணக்கில் சேர்க்க 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் இசைகின்றன. எனினும் காணொலி மட்டும் போதாது. மாணவர் தம் சொந்தத் தரவோடு வந்து அமர, அருகிருந்து திருத்தும் ஆசிரியர் வேண்டும். நம் சமுதாயப் பெரியோர்கள் கல்லூரிகளுக்குக் கணினிகள் பல வழங்கியுள்ளனர், அக்கொடையை மதிக்கிறோம். இனி வழங்குவோர், வாரம் நான்கு மணி நேரம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் ஊதியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலிற் கூறிய மாணவரை அண்மையில் குரும்பலூரில் சந்தித்தோம். இணையவழியாகப் புள்ளியியல் பயின்று, தம் பழைய எண்ணிக்கை ஏடுகளை மீண்டும் விரித்து வைத்திருந்தார். எத்தனை செடிகளில் எத்தனை புழு என்று தாமே வரைந்த படத்தை நம்மிடம் நீட்டினார். புழுவே இல்லாத செடிகளைக் குறிக்கும் தூண் தாளின் மேல்விளிம்பைத் தொட்டிருந்தது.